87 சதவீதம்: யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள்?

அமெரிக்காவில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் தெரிந்தவர்களிடம் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "அங்கே ஸ்கூல் டிஸ்டிரிக்ட் எப்படி?" என்பது. யாராவது உடனே ஓர் எண்ணைச் சொல்வார்கள். கிராஜுவேஷன் ரேட் (ஹைஸ்கூலை முடிக்கிறவர்களின் சதவீதம்) 92, ரேட்டிங் பத்துக்கு எட்டு. அதை நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறைய. அந்த 92 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் வராது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

முதலில் ஸ்கூல் டிஸ்டிரிக்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மாவட்டம் என்றதும் நமக்குக் கலெக்டர் ஆபீஸ் நினைவுக்கு வரும், இது வேறு. ஓர் எல்லைக்குள் இருக்கும் அரசுப் பள்ளிகளை நடத்துவதற்கென்றே உள்ள தனி உள்ளாட்சி அமைப்பு இது. பெரும்பாலான இடங்களில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த வாரியம் இருக்கும். அதற்குக் கீழே சூப்பரின்டென்டென்ட் என்ற தலைமை நிர்வாகி. செலவில் கணிசமான பங்கு அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, கடை, தொழிற்சாலைகளின் சொத்து வரியிலிருந்து வரும். நாடு முழுக்க சுமார் 13,000 டிஸ்டிரிக்டுகள் உண்டு. நியூயார்க் மாதிரி லட்சக்கணக்கான பிள்ளைகள் படிப்பதும் டிஸ்டிரிக்ட்தான், ஒரே கட்டடத்தோடு முடிந்துபோவதும் டிஸ்டிரிக்ட்தான்.

அடுத்த விஷயம், அங்கே நம் பிளஸ் டூ மாதிரி பொதுத்தேர்வு கிடையாது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருடம் ஹைஸ்கூல். ஒவ்வொரு பாடத்திலும் தேறினால் அதற்கென்று கிரெடிட் சேரும். தேவையான கிரெடிட் சேர்ந்ததும் ஹைஸ்கூல் டிப்ளமா கையில் கிடைக்கும். சிகாகோவில் 24 கிரெடிட் வேண்டும். ஒரு பாடத்தில் பிள்ளை தேறியதா இல்லையா என்று சொல்வது அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியரேதான். வேறு ஊரில் உட்கார்ந்து யாரும் விடைத்தாள் திருத்துவதில்லை. சில மாநிலங்கள் கடைசியில் ஒரு தேர்வு வைத்திருந்தன. அதுவும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கிறது. கலிபோர்னியா 2015இல் நிறுத்தியது. மாசசூசெட்ஸில் 2024 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தியே அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பள்ளியை அளக்கும் அளவுகோல் பள்ளியின் கையிலேயே இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள், கீழே வேலைக்கு வரும்.

சரி, விகிதத்துக்கு வருவோம்.

நம் ஊர்த் தேர்ச்சி விகிதம், தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று சொல்கிறது. பத்தாவதோடு நின்றுவிட்ட பையன் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. அமெரிக்காவின் கிராஜுவேஷன் ரேட் அதைவிடக் கண்டிப்பானது. ஒன்பதாம் வகுப்பில் முதல்முறை காலடி வைத்த அத்தனை பேரையும் ஒரு பட்டியலில் போட்டுக்கொள்கிறது. நான்கு வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேர் கையில் டிப்ளமா இருக்கிறது என்று பார்க்கிறது. அதனால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எங்கள் ஊர் 94, உங்கள் ஊர் 87தானே" என்று பேசுவதில் அர்த்தமில்லை.

ஒரு கற்பனைப் பள்ளியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்பதாவதில் 200 பேர் சேர்கிறார்கள். நான்கு வருடத்தில் வேறு ஊரிலிருந்து 20 பேர் வந்து சேர்கிறார்கள். பட்டியலில் கூட்டிக்கொள்ள வேண்டும். 30 பேர் வேறு பள்ளிக்கு மாறிப் போகிறார்கள்; அதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் இருந்தால் கழித்துக்கொள்ளலாம். நாட்டை விட்டே போனவர்களும் இறந்துபோனவர்களும் கூட இப்படித்தான் கழிவார்கள். மிச்சம் 190. இவர்களில் 150 பேர் நான்கு வருடத்தில் டிப்ளமா வாங்கினால் விகிதம் 79 சதவீதம். படிப்பை நிறுத்தியவர் கழியமாட்டார், கீழே வகுக்கும் எண்ணில் அப்படியே நிற்பார். ஐந்தாவது வருடம் முடித்தவர் இந்தக் கணக்கில் முடித்தவர் அல்ல. பள்ளியை விட்டுப் போய் ஜிஈடி என்ற சமநிலைத் தேர்வு எழுதித் தேறியவரும் சேரமாட்டார். மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களில் சிலர் கூடுதல் வருடங்கள் பள்ளியிலேயே பயிற்சி பெற அங்கே சட்டம் இடம் தருகிறது. அது அவர்களுக்கு நல்ல ஏற்பாடுதான், ஆனால் நான்கு வருட விகிதத்தில் குறையாகத் தெரியும்.

இப்படி ஒரே மாதிரி எண்ண வேண்டும் என்ற விதி 2008இல்தான் மத்திய அரசிடமிருந்து வந்தது. அதற்கு முன்பு மாநிலத்துக்கு ஒரு சூத்திரம். புது முறையில் முதலில் வந்த 2010-11 கணக்கில் நாட்டின் விகிதம் 79 சதவீதம். 2018-19இல் 86. 2021-22இல் 87, தலைப்பில் இருக்கும் எண் இதுதான். பத்து வருடத்தில் எட்டுப் புள்ளி ஏறுவது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அந்த ஏற்றத்தில் எவ்வளவு படிப்பு, எவ்வளவு பேப்பர் வேலை என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

பேப்பர் வேலை எப்படி நடக்கும்? மேலே சொன்ன பள்ளியில் படிப்பை நிறுத்திய 10 பேரை "வேறு பள்ளிக்கு மாறிவிட்டார்" என்று எழுதிவிட்டால் வகுக்கும் எண் 180 ஆகிவிடும். 150ஐ 180ஆல் வகுத்தால் 83 சதவீதம். ஒரு பிள்ளைக்குக் கூட ஒரு வரி கூடுதலாகச் சொல்லிக்கொடுக்காமலே நான்கு புள்ளி ஏறிவிட்டது. இது வெறும் கற்பனை இல்லை. சிகாகோவில் 2015இல் உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள் பதிவேடுகளைக் கிளறியபோது, படிப்பை நிறுத்திய மாணவர்கள் பலர் ஊர் மாறிப் போனதாகவும் வீட்டிலிருந்தே படிப்பதாகவும் பதிவாகியிருந்தது தெரியவந்தது. டிஸ்டிரிக்ட் தன் பழைய எண்களைத் திருத்த வேண்டியதாயிற்று. 2014க்குச் சொல்லியிருந்த 69.4 சதவீதம் 66.3 ஆனது.

வகுக்கும் எண்ணைக் குறைப்பது ஒரு வழி. தேறாதவரைத் தேறியவராக்கி மேல் எண்ணை ஏற்றுவது இன்னொரு வழி. வாஷிங்டன் டிசியில் பல்லூ என்ற ஹைஸ்கூல் 2017இல் தலைப்புச் செய்தியானது. டிப்ளமா வாங்கிய அத்தனை பேருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் கொண்டாடினார்கள். சில மாதங்களில் வானொலி நிருபர்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்தார்கள். டிப்ளமா வாங்கியவர்களில் பாதிப் பேர் அந்த வருடம் மூன்று மாதத்துக்கும் மேல் பள்ளிக்கே வரவில்லை! நகர நிர்வாகம் தணிக்கைக்கு உத்தரவிட்டது. 2018 ஜனவரியில் வந்த அறிக்கைப்படி, அந்த டிஸ்டிரிக்டில் 2017இல் முடித்த 2,758 பேரில் 937 பேர் விதிகளை மீறித்தான் டிப்ளமா பெற்றிருந்தார்கள். மூன்றில் ஒருவர். அளவுக்கு மீறி விடுப்பு எடுத்தவர்களைத் தேற்றியிருந்தார்கள். தவறிய பாடத்தைச் சுருக்கமாகப் படித்து முடிக்கும் 'கிரெடிட் ரிகவரி' வகுப்புகளையும் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தார்கள். விதியை ஒழுங்காகப் பின்பற்றிய அடுத்த வருடம் விகிதம் 73இலிருந்து 69க்கு இறங்கியது. ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விகிதம் ஏறினால் பாராட்டு, இறங்கினால் வேலைக்கே ஆபத்து என்ற நிலையில் மேலிருந்து வரும் அழுத்தம் கடைசியில் வகுப்பறையில்தான் வந்து இறங்கும்.

சராசரிக்கு உள்ளே

ஆக, யாரும் பொய் சொல்லவில்லை, பதிவேடு சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு டிஸ்டிரிக்டின் ஒற்றை எண் பாதிக் கதைதான். மீதிப் பாதி, பிள்ளைகளில் ஒரு பிரிவுக்கும் இன்னொரு பிரிவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி.

அதே கற்பனைப் பள்ளியின் 190 பேரை இரண்டாகப் பிரிப்போம். வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் 120 பேர், அவர்களில் 108 பேர் முடித்தார்கள், 90 சதவீதம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் 70 பேர், 42 பேர் முடித்தார்கள், 60 சதவீதம். சராசரி 79 என்ற எண்ணுக்குள் 30 புள்ளி இடைவெளி ஒளிந்திருக்கிறது. இந்தப் பள்ளியில் 79 என்ற அனுபவம் யாருக்குமே கிடையாது. உங்கள் பிள்ளை 90 என்ற பள்ளியில் படிக்கிறது, அல்லது 60 என்ற பள்ளியில் படிக்கிறது. கட்டடம் மட்டும் ஒன்று.

இதில் இன்னொரு விளையாட்டும் உண்டு. சில வருடங்களில் அந்த ஏரியாவில் வாடகை ஏறி, ஏழைக் குடும்பங்கள் வெளியேறுகின்றன என்று வையுங்கள். இப்போது 150 வசதியான பிள்ளைகள், 40 ஏழைப் பிள்ளைகள். இரு பிரிவின் விகிதமும் மாறவில்லை, அதே 90, அதே 60. கணக்குப் போட்டால் 159 பேர் முடித்திருப்பார்கள்; சராசரி 84. "ஐந்து புள்ளி முன்னேற்றம்" என்று டிஸ்டிரிக்ட் செய்திக்குறிப்பு வெளியிடலாம், அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இருக்காது. ஆனால் யாருக்கும் எதுவும் மாறவில்லை.

பிரிவு பிரிவாகப் பிரித்துக் காட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 2002 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' சட்டத்தோடு நாடு முழுக்க வந்தது. இனம், குடும்ப வருமானம், ஆங்கிலம் புதிதாகக் கற்பவர், மாற்றுத்திறன் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி எண் வெளியிட வேண்டும். அந்தச் சட்டம் தேர்வு தேர்வு என்று பள்ளிகளைப் பிழிந்தெடுத்தது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. 2015இல் ஒபாமா காலத்தில் வேறு சட்டம் வந்து அதை மாற்றியது. ஆனாலும் அந்தப் பிரித்துக் காட்டும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது, நல்லவேளை. அதனால்தான் 2018-19இல் நாட்டின் 86க்கு உள்ளே ஆசியப் பிள்ளைகள் 93, வெள்ளையர் 89, லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) 82, கறுப்பினத்தவர் 80, அமெரிக்கப் பூர்வகுடியினர் 74 என்று நம்மால் பார்க்க முடிகிறது.

டிப்ளமா இடைவெளி ஒன்று, படிப்பில் இருக்கும் இடைவெளி வேறு. இரண்டாவதை அளக்க, சில பிள்ளைகளை மட்டும் மாதிரியாக எடுத்து நாடு முழுக்க நடத்தும் ஒரு தேர்வு இருக்கிறது, நேப் என்பார்கள். யாருக்கும் தனி மார்க் வராது, எந்தப் பள்ளிக்கும் இதனால் லாப நட்டம் கிடையாது. அதனாலேயே இதில் தில்லுமுல்லு குறைவு. மதிப்பெண் 0 முதல் 500 வரை. 2019இல் எட்டாம் வகுப்புக் கணக்கில் வெள்ளை மாணவர் சராசரி 292, கறுப்பின மாணவர் சராசரி 260. கோவிட் முடிந்து 2022இல் இரண்டுமே ஏழு புள்ளி சரிந்தன. இடைவெளி மட்டும் அதே 32. டிப்ளமா வாங்குவதில் இருந்த இடைவெளி இத்தனை வருடங்களில் ஓரளவு சுருங்கியிருக்கிறது; எட்டாவது கணக்கில் இருப்பது அசையவே மறுக்கிறது. முன்னது சுருங்கியதை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுவது எனக்கு உடன்பாடில்லை.

பணம் எங்கே நிற்கிறது

இடைவெளி ஏன் என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை. வீட்டு வருமானம், அடிக்கடி வீடு மாறுவது, இன வாரியாகப் பிரிந்து கிடக்கும் குடியிருப்புகள், அனுபவமுள்ள ஆசிரியர்கள் எந்தப் பள்ளியில் தங்குகிறார்கள், எந்தப் பள்ளியை விட்டு ஓடுகிறார்கள் என்று பல. ஆனால் டிஸ்டிரிக்ட் என்ற எல்லைக்கோடு இதில் என்ன செய்கிறது என்று புரிய டெக்சாஸின் சான் ஆன்டோனியோ வழக்கு ஒன்று போதும்.

அந்த ஒரே பெருநகரப் பகுதிக்குள் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு டிஸ்டிரிக்டுகள். எட்ஜ்வுட்டில் பெரும்பாலும் மெக்சிக வம்சாவளிக் குடும்பங்கள், கூலி வேலை, சின்னச் சின்ன வீடுகள். அலமோ ஹைட்ஸ் வசதியான வெள்ளையர் பகுதி. 1960களின் கடைசியில் எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள்; சுற்றுவட்டாரத்திலேயே அதுதான் அதிக வரி. அதிலிருந்து ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸ் கட்டிய வரி 85 சென்ட்தான். ஆனால் அங்கே வீடுகளின் மதிப்பு அதிகம் என்பதால் ஒரு பிள்ளைக்கு 333 டாலர் வந்தது. மாநில, மத்திய அரசுப் பணம் எல்லாம் சேர்த்த பிறகும் 356க்கு 594 என்ற வித்தியாசம் இருந்தது.

1968 மே மாதம் எட்ஜ்வுட் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வெளியே வந்தார்கள். இடிந்த கட்டடம், தகுதியில்லாத ஆசிரியர்கள் என்று அவர்கள் போட்ட பட்டியலைப் பார்த்த பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். முதல் பெயர் டிமெட்ரியோ ராட்ரிகஸ். விமானப்படைத் தளத்தில் உலோகத் தகடு வேலை பார்த்தவர். 1973இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி என்பது அமெரிக்க அரசியல் சட்டம் உறுதி தரும் அடிப்படை உரிமை அல்ல என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. மத்திய நீதிமன்றக் கதவு அதோடு மூடியது. அடுத்த வருடம் டெட்ராய்ட் வழக்கில், இனப் பிரிவினையைச் சரிசெய்யப் பக்கத்து டிஸ்டிரிக்டுகளையும் சேர்த்துக்கொள்ளும் வழியையும் அதே நீதிமன்றம் பெரும்பாலும் அடைத்துவிட்டது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால், வீடு தேடுகிறவர்கள் ஏன் டிஸ்டிரிக்ட் எல்லைக்கு அவ்வளவு விலை கொடுக்கிறார்கள் என்பது விளங்கும்.

அப்புறம் போராட்டம் மாநில நீதிமன்றங்களுக்குப் போனது. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1989இல் எட்ஜ்வுட் பக்கம் நின்றது. 1993இலிருந்து பணக்கார டிஸ்டிரிக்டுகளின் வரிப்பணத்தில் ஒரு பகுதி ஏழை டிஸ்டிரிக்டுகளுக்குப் போகிறது. இன்று பல மாநிலங்களில் பண வித்தியாசம் அன்றைய அளவுக்கு இல்லை.

பணம் ஓரளவு சமமானால் இடைவெளி மறைந்துவிடுமா? அங்கேதான் கொஞ்சம் சங்கடமான செய்தி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் நாட்டின் ஏறக்குறைய எல்லா டிஸ்டிரிக்டுகளின் தேர்வு முடிவுகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தார். இனவாரி இடைவெளி மிகப் பெரிதாக இருந்த இடங்களில் பெர்க்லி, சேப்பல் ஹில், எவன்ஸ்டன் போன்ற பல்கலைக்கழக ஊர்களும் வந்தன. படித்தவர்கள் ஊர், முற்போக்கான ஊர், சராசரி மதிப்பெண்ணும் பிரமாதம். பேராசிரியர் வீட்டுப் பிள்ளையும் அதே ஊரில் துப்புரவு வேலை பார்ப்பவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே டிஸ்டிரிக்டில் இருப்பதால் இடைவெளி அங்கே விரிகிறது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எல்லாரும் ஒரே அளவு பின்தங்கியிருக்கும் டிஸ்டிரிக்டில் இடைவெளி சின்னதாகத் தெரியும். இடைவெளி குறைவு என்பதை மட்டும் வைத்து நல்ல டிஸ்டிரிக்ட் என்று சொல்லிவிட முடியாது.

ஒன்பதாம் வகுப்பு

என்ன செய்தால் மாறும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம், மேலே கணக்கில் மாட்டிக்கொண்ட அதே சிகாகோதான்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழு ஒன்று 2005இல் ஒரு எளிய அளவுகோலைக் கண்டுபிடித்தது. ஒன்பதாம் வகுப்பு முடியும்போது ஒரு பிள்ளையிடம் குறைந்தது ஐந்து கிரெடிட் இருக்க வேண்டும்; ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய முக்கியப் பாடங்களில் ஒரு செமஸ்டருக்கு மேல் ஃபெயில் இருக்கக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் 'ஆன் டிராக்'. அப்படி இருந்தவர்களில் 81 சதவீதம் பேர் நான்கு வருடத்தில் முடித்தார்கள். இல்லாதவர்களில் 22 சதவீதம். எட்டாவதில் வாங்கிய மார்க்கைவிட, குடும்ப வருமானத்தைவிட, இனத்தைவிட, இந்த ஒரு விஷயம் யார் முடிப்பார் என்பதைத் துல்லியமாகச் சொன்னது.

அடுத்த ஆய்வில் இன்னும் சுவாரசியமான ஒன்று வெளிப்பட்டது. எட்டாவதில் நல்ல மார்க் எடுத்துவிட்டு, ஒன்பதாவதில் ஒரு செமஸ்டரில் இரண்டு வாரம் மட்டம் போட்ட பிள்ளை, குறைந்த மார்க்கோடு வந்து ஒரு வாரம் மட்டும் விடுப்பு எடுத்த பிள்ளையைவிட ஃபெயில் ஆக வாய்ப்பு அதிகம். புத்திசாலிப் பையன், எப்படியும் பாஸாகிவிடுவான் என்ற நம் வழக்கமான நினைப்பு இங்கே எடுபடவில்லை.

பள்ளிகள் இதைப் பிடித்துக்கொண்டன. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து, எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் தடுமாறுகிறது, யார் சில நாட்களாக வரவில்லை என்று பெயர் பெயராகப் பார்த்தார்கள். வருடக் கடைசி வரை காத்திராமல் அந்த வாரமே வீட்டுக்குப் போன் போட்டார்கள். பெரிய தத்துவம் எதுவும் இதில் இல்லை. 2007இல் 57 சதவீதமாக இருந்த ஆன் டிராக் விகிதம் ஏழு வருடத்தில் 80ஐத் தாண்டியது. பின்னாலேயே கிராஜுவேஷன் ரேட்டும் ஏறியது. பதிவேட்டுத் தில்லுமுல்லைக் கழித்துப் பார்த்தாலும் ஏறியது ஏறியதுதான்.

ரியர்டன் 2017இல் சிகாகோ எண்களைத் தனியாக எடுத்துப் பார்த்தார். மூன்றாம் வகுப்பில் சிகாகோ பிள்ளைகள் நாட்டுச் சராசரிக்கு நன்றாகக் கீழே. எட்டாம் வகுப்புக்குள், ஐந்து வருடத்தில், ஆறு வருடத்துக்கான படிப்பைப் படித்திருந்தார்கள். நாட்டின் பெரிய நூறு டிஸ்டிரிக்டுகளில் வேறு எதுவும் அந்த வேகத்தில் வளரவில்லை. ரேட்டிங் தளங்களில் பார்த்தால் சிகாகோ சராசரிக்கும் கீழே நிற்கும், ஏனென்றால் மொத்த மதிப்பெண் என்பது பெரும்பாலும் பெற்றோர் வருமானத்தையே திருப்பிக் காட்டும். வளர்ச்சி வேகத்துக்கும் வருமானத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு. பள்ளி தன் வேலையைச் செய்கிறதா என்று அறிய வளர்ச்சி எண்தான் உதவும்.

உங்கள் டிஸ்டிரிக்டைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டு விளம்பரத் தளங்களில் தேட வேண்டாம். ஒவ்வொரு மாநிலக் கல்வித் துறையும் வருடந்தோறும் ரிப்போர்ட் கார்டு வெளியிட வேண்டும் என்பது சட்டம். அதில் நான்கு வருட விகிதத்தோடு ஐந்து வருட விகிதமும் இருந்தால் இரண்டையும் பாருங்கள். மொத்த எண்ணை விட்டுவிட்டு உங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் வருமோ அந்த வரிக்குப் போங்கள்; அப்படியே மற்ற வரிகளையும் ஒரு பார்வை பாருங்கள். பத்து சதவீத நாட்களுக்கு மேல் வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு வரி இருக்கும். கிராஜுவேஷன் ரேட் 95, ஆனால் மூன்றில் ஒரு பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லை என்றால் பல்லூ கதையை நினைத்துக்கொள்ளுங்கள். சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி மட்டும் இருக்கும். தளம் பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்தப் பிரிவில் பிள்ளைகள் மிகக் குறைவாக இருந்தால், எண்ணைப் போட்டால் யார் என்று தெரிந்துவிடும் என்பதற்காக மறைத்திருப்பார்கள். சின்ன டிஸ்டிரிக்டுகளில் ஆசியப் பிள்ளைகளின் வரி பல நேரம் அப்படித்தான் இருக்கும்.